நொதியம் – சொல் விளக்கம்

'காந்தப்புயல் மீனின் நொதியத்தைப் பாதிக்கிறது' என்பது போன்ற செய்தியைப் புரிந்துகொள்ள, முதலில் நொதியம் என்ற சொல்லைப் பார்ப்போம். காந்தப்புயல் என்பது சூரியனின் செயற்பாட்டால் புவியின் காந்தப் புலம் தற்காலிகமாகக் குலைவது. கள் நுரைத்துப் பொங்குவதும், கள் சேர்த்த அப்பமா இரவோடிரவாகப் புளித்து எழுவதும் நொதித்தல். அந்த வேரிலிருந்தே நொதியம் பிறந்தது. என்சைம் என்ற சொல்லின் கதையும் இதுதான். 1870களில் ஜேர்மன் உடலியலாளர் வில்கெல்ம் கூனே 'நொதிமாவுக்குள் இருப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அதை உருவாக்கினார். 1897இல் எடுவார்ட் புக்னர், மதுவக் (ஈஸ்ட்) கலங்களை அரைத்துப் பிழிந்த சாறே சீனியை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். ஆகவே என்சைம் என்று அப்படியே எழுதத் தேவையில்லை. தமிழ்நாட்டில் நொதி, நம் இலங்கைப் பாடநூல்களில் நொதியம், இரண்டும் சரி.

நொதியம் என்பது பெரும்பாலும் புரதத்தாலான ஊக்கி. தான் செலவழியாமல், கீழ்ப்படையில், அதாவது தான் வேலை செய்யும் பொருளில், நடக்கும் இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும். 'காந்தப்புயல் மீனின் நொதியத்தைப் பாதிக்கிறது' என்னும்போது நொதியம் அழிகிறது என்று பொருளில்லை. அதன் தொழிற்பாட்டு வேகம் மாறுகிறது என்பதே பொருள். இந்த வேறுபாட்டை விட்டால் செய்தி பிழையாகிவிடும்.

மட்டக்களப்புப் பக்கம் புவிக்காந்தப் புலம் சுமார் 40,000 நனோதெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). கடும் காந்தப்புயலில் அது 100 நனோதெஸ்லாவுக்கு மேல் குறையலாம். 100 என்பது மொத்தப் புலத்தில் நானூறில் ஒரு பங்கு. ஆழம் குறைந்த வாவி நீர் இந்த மெதுவான மாற்றத்தைத் தடுப்பதில்லை, மீனின் உடலும் தடுப்பதில்லை.

ரஷ்யாவில் பொரோக் என்ற ஊரிலுள்ள ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள் மீன்களில் கவனித்த ஒரு நொதியம் கல்பெயின். கல்சியம் அயன் சேர்ந்தால்தான் இது புரதத்தை வெட்டும். புயலைப் போன்ற செயற்கைப் புலத்தில் அதன் தொழிற்பாடு குறைந்ததாக அவர்கள் பதிவு செய்தனர். இவ்வளவு சிறிய மாற்றம் கலத்தை எப்படி எட்டுகிறது என்பதில் இன்னும் உடன்பாடில்லை. ஐஸ் போடத் தாமதித்த மீனின் சதை இளகுவதிலும் இதே கல்பெயினுக்குப் பங்குண்டு.

அளக்கும்போது மீன் இழையத்தைப் பனிக்கட்டிமேல் வைத்து, குளிர்ந்த தாங்கற் கரைசலில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) அரைத்து, மையநீக்கியில் சுழற்றி மேல்திரவத்தை எடுப்பார்கள். அதை இரு குழாய்களில் பிரித்து, ஒன்றில் கல்சியமும் மற்றதில் கல்சியத்தைப் பிடித்து வைக்கும் சேர்வையும் சேர்ப்பார்கள். இரண்டிலும் இடும் கேசீன் என்ற பாற்புரதம் சிதைவதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கல்பெயினின் கணக்கு. இரண்டாவது குழாயை விட்டுவிட்டால் மற்றப் புரத நொதியங்களின் வேலையும் அதன் பெயரில் ஏறிவிடும்.

வாவி மீனில் இதைவிடப் பெரிய இடையூறு வெப்பமும் உவர்ப்பும். முகத்துவாரம் வெட்டப்பட்டதும் உவர்ப்பு மாறும். அதோடு நொதியங்களும் மாறும். புயலன்று பிடித்த மீனை மறுவாரத்து மீனோடு ஒப்பிட்டுக் காந்தத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஒரே குளத்து மீன்களை இரு தொட்டிகளில் விட்டு, இரண்டையும் ஒரே மாதிரிக் கம்பிச் சுருள்களுக்குள் வைத்து, ஒன்றில் மட்டும் மின்னோட்டம் செலுத்த வேண்டும். இரு தொட்டிகளிலும் வெப்பமானி இருக்க வேண்டும். சுருள் சூடாகி நீரை வெதுப்பினாலும் நொதிய வேகம் மாறிவிடும்.