கழுத்தில் கட்டிய கோழி

வன்னியின் ஒட்டுசுட்டானில் கன்று ஈன முடியாமல் தவித்த பசு ஒன்றுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கிணற்றடியில் கை கழுவும்போது அழுகல் நாற்றம் வந்தது. வேலியோரம் 8 மாத நாய் ஒன்று கட்டிக் கிடந்தது. அதன் கழுத்தில் செத்த பேட்டுக்கோழி. கட்டி மூன்று நாளாகிறதாம். கயிறு அறுத்த இடத்தில் புண், புண்ணுக்குள் புழு.

"கோழியைப் பிடித்துவிட்டது ஐயா. இப்படிக் கட்டினால் மறந்துவிடும் என்று சொல்கிறார்கள்" என்றார் அந்த வீட்டு அம்மா.

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. முட்டை விற்ற காசில் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் வீடு அது. ஆனால் இந்தத் தண்டனையால் எந்த நாயும் திருந்தியதை நான் கண்டதில்லை. அன்று பாய்ந்ததையும் இன்று கழுத்தில் நாறுவதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க நாய்க்குத் தெரியாது. அந்த வயது நாய் பெரும்பாலும் பசியில் கோழியைக் கொல்வதில்லை. கோழி படபடத்து ஓடுகிறது, நாய் விளையாட்டாகத் துரத்துகிறது, பல் பட்டதும் கோழி முடிந்துவிடுகிறது. பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்து மாலையில் அவிழ்த்துவிடப்படும் நாய் இன்னும் மூர்க்கமாகத் துரத்தும்.

கோழியைத் துரத்தாமல் காக்கும் குணம் குட்டிப் பருவத்தில் ஊன்றப்படுகிறது. பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 12ஆம் வாரம் வரை எதைப் பார்த்தும் மணந்தும் பழகுகிறதோ, அதைக் குட்டி தன் கூட்டமாக ஏற்கும். எனவே 8 வாரத்தில் குட்டியைக் கொண்டுவந்ததும் கோழிக்கூட்டின் வலைக்கு வெளியே, பக்கத்திலேயே படுக்க விடுங்கள். பிறகு கயிற்றில் பிடித்துக் கோழிகளுக்கு நடுவே நடத்துங்கள். கோழியைக் கண்டும் பாயாமல் உங்களைத் திரும்பிப் பார்க்கிறதா? அந்தக் கணமே ஒரு துண்டு மீன் கொடுங்கள். கண்ணை அசைக்காமல் உடம்பைத் தாழ்த்தும்போதே கூப்பிட்டுவிட வேண்டும், ஓடத் தொடங்கினால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. ஒன்றரை வயதாகும்வரை கோழிகளுடன் தனியே விடாதீர்கள்.

நாய்க்கும் கோழிக்கும் தீனி வேறுவேறு இடத்தில் இருக்கட்டும், சோற்றுத் தட்டில்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன. கோழி உரித்த குடலைப் பச்சையாக எறியாதீர்கள், சல்மொனெல்லா போன்ற கிருமிகள் நாயின் வழியே வீட்டுக்குள் வந்துவிடும். நாயின் காது விளிம்பிலும் கோழியின் கண்ணைச் சுற்றியும் மிளகுத்தூள் அப்பியதுபோல் தெரிந்தால் அது கோழித் தெள்ளு. நாய்க்கு மட்டும் மருந்திட்டால் போகாது, கூட்டையும் துப்புரவாக்க வேண்டும்.

முள்ளியவளையில் ஒரு கிழட்டுப் பெட்டை நாயை எனக்குத் தெரியும். கரப்புக்குப் பக்கத்தில் படுத்திருக்கும், குஞ்சுகள் அதன் முதுகில் ஏறி இறங்கும். முற்றத்தில் பிராந்தின் நிழல் விழுந்ததும் எழுந்து வானத்தைப் பார்த்துக் குரைக்கும். அப்படிப்பட்ட நாய் இருந்தும் அந்த வீட்டார் பொழுதுபட முன்னர் கோழிகளைக் கூட்டில் அடைத்துவிடுவார்கள். ஓசையில்லாமல் வரும் மரநாயையும் பாம்பையும் எந்த நாயாலும் முழுதாகத் தடுக்க முடியாது.

எனக்குப் பெரிய கவலை விசர் நோய் (ரேபிஸ்) தான். வன்னியில் பல வளவுகளுக்குப் பின்வேலிதான் காட்டின் எல்லை. நரியும் கீரியும் அந்த நோயைக் கொண்டுவரக்கூடியவை, காவலுக்கு நிற்கும் நாயே முதலில் கடிபடும். ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி போடுங்கள். போட்டிருந்தாலும், நரியுடன் சண்டை பிடித்த நாயை உடனே எங்களிடம் கொண்டுவாருங்கள், காயத்தை வெறுங்கையால் தொட வேண்டாம். உங்களை ஏதாவது கடித்தால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒட்டுசுட்டான் நாயின் கயிற்றை அன்றே அறுத்து, புழுவெடுத்து மருந்து கட்டினேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்த அம்மா கூட்டுக்குப் புது வலை அடித்திருந்தார். நாய் இன்னும் நீளக் கயிற்றில்தான் இருந்தது. வலையோரம் படுத்திருந்த அதன் வாலை உள்ளிருந்து ஒரு பேடு கொத்திக்கொண்டிருந்தது. நாய் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு வாலை இழுத்துக்கொண்டது.