பாறைத் தடத்துக்கு டயர் வாங்கும்போது பக்கச் சுவரைப் பாருங்கள்

பினாங்கில் நான் நடத்தும் சைக்கிள் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வந்து சேரும் மலைச் சைக்கிள் டயர்களில் பெரும்பாலானவை முள் குத்தியவை அல்ல. பக்கச் சுவர் கிழிந்தவை. அண்மையில் ஓர் இளைஞர் அப்படிக் கிழிந்த டயர் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணே, இதைவிடப் பெரிய பல் உள்ள டயர் இருக்கிறதா?" என்று கேட்டார். அவருடைய டயரின் பற்கள் தேயவே இல்லை. பற்களுக்கும் ரிம்முக்கும் இடைப்பட்ட மெல்லிய பகுதியைத்தான் பாறை விளிம்பு அறுத்திருந்தது.

பினாங்குத் தீவின் மலைகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. நம் வெப்பமும் மழையும் அந்தக் கல்லைச் சிதைக்கும்போது களிமண்ணும், அதில் பாதி புதைந்த உருண்டைப் பாறைகளும், கற்கண்டைப் போல் கூரான மணலும் மிஞ்சுகின்றன. களிமண்ணில் பல் இறங்கிப் பிடிக்கும். பாறைக்குள் எந்தப் பல்லும் இறங்காது. அங்கே பிடிப்பு என்பது ரப்பர் எவ்வளவு மென்மையானது, பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப டயர் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதைப் பொறுத்ததே. மழைக்குப் பின் பாசி படிந்த பாறையில் இந்த வேறுபாடு உயிர்காக்கும். ஆகவே முன் சக்கரத்துக்கு மென்மையான ரப்பரையும், வேகமாகத் தேயும் பின் சக்கரத்துக்குச் சற்றுக் கடினமானதையும் பரிந்துரைக்கிறேன். அகலம் 2.4 அல்லது 2.5 அங்குலம் இருக்கலாம். சைக்கிளின் சட்டகத்தில் (ஃபிரேமில்) அந்த அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் வலியுறுத்துவது டயரின் உடலைத்தான். ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். 60ஐவிட 120 வலிமையானது என்று பலரும் நம்பி வாங்குகிறார்கள். எண் கூடக்கூட நூல் மெல்லியதாகிறது, டயர் இலகுவாகவும் நெகிழ்வாகவும் ஆகிறது. கூரான கல்லைத் தாங்குவதோ தடித்த நூலும், அடுக்குகளும், பக்கச் சுவரில் சேர்க்கப்படும் காப்புத் துணியும்தான். மேக்ஸிஸ் நிறுவன டயர்களில் எக்ஸோ என்ற வகையைவிட டபுள்டவுனும், ஷ்வால்பே நிறுவன டயர்களில் சூப்பர் டிரெயிலைவிட சூப்பர் கிராவிட்டியும் கனமான உடல் கொண்டவை. மிதிக்கும்போது எடை தெரியும் என்பது உண்மைதான், ஆனால் இறக்கத்தில் அதிக அடி வாங்கும் பின் சக்கரத்திலாவது அந்த எடையைச் சுமப்பது நல்லது.

காற்று மிகுந்தால் டயர் பாறையில் பட்டுத் துள்ளும். குறைந்தால் பாறைக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரட்டைத் துளை விழும். டியூப் இல்லாத டயரில் ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 22 முதல் 24 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு), பின்னால் 25 முதல் 27 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். ரிம் பாறையில் இடிக்கும் ஓசை கேட்டால் ஒன்றோ இரண்டோ கூட்டுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்து இந்த அளவைக் கண்டறிய என்னாலேயே முடியாது, அளவுமானி தேவை.

டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது, நம் பாட்டன் பாட்டியர் பால்மரக் காட்டில் மங்கு மங்காகச் சேர்த்த அதே ரப்பர் பால்தான். மங்கில் விட்டால் அது உறைவதுபோல் நம் வெப்பத்தில் டயருக்குள்ளும் உறைந்துவிடும். இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பார்க்காதவர்களின் டயருக்குள் கட்டிப்பாலைத்தான் காண்கிறேன்.

சிறு துளையை அந்தப் பால் அடைக்கும். பக்கச் சுவர்க் கிழிசலை அடைக்காது. காட்டுக்குள் கிழிந்தால் பாலிமர் 1 ரிங்கிட் நோட்டை மடித்து உள்ளே வைத்து, டியூப் போட்டு, காற்றைக் குறைவாக நிரப்பி, மெதுவாக வீடு திரும்பலாம். ஆனால் அந்தக் கிழிசல் முன் டயரில், நூல் அறுந்து தெரியும் அளவுக்கு இருந்தால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள்.