வாயில் வெள்ளைத் திட்டு: புரதங்கள் எதைக் காட்டிக்கொடுக்கின்றன?

கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ, தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு வருவதுண்டு. வேறு நோய் காரணமில்லை என்று உறுதியானால் அதை லூக்கோபிளேக்கியா என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாவதில்லை, சில ஆகிவிடுகின்றன. எது ஆகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் கடினம்.

சிறு துண்டை வெட்டியெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பயாப்ஸிதான் இன்றும் முதன்மையான வழி. செல்களின் வடிவமும் அடுக்கும் எவ்வளவு குலைந்திருக்கின்றன என்பதை வைத்து லேசானது, நடுத்தரம், தீவிரம் என்று தரம் பிரிக்கிறார்கள். ஒரே துண்டுக்கு இரு மருத்துவர்கள் இரு வேறு தரம் சொல்வதும் நடக்கிறது. தவிர, வடிவம் குலைவதற்கு முன்பே செல்லின் போக்கு மாறத் தொடங்கியிருக்கலாம். அதைப் பிடிக்கத்தான் புரதங்களைத் தேடுகிறார்கள்.

திசுவின் மெல்லிய சீவலில், ஒரு குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை இடுவார்கள். அதோடு பிணைத்த நொதி, புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறத்தை உண்டாக்கும்.

கி-67 என்ற புரதத்தைப் பாருங்கள். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்டது. செல் பிரியும் சுழற்சியில் இருக்கும்போது உட்கருவில் இருக்கும். ஓய்வுக்குப் போனால் மறையும். ஆரோக்கியமான வாய்ப்படலத்தில் பழுப்புப் புள்ளிகள் அடிப்பகுதி அடுக்குகளோடு நின்றுவிடும். மேலே நகரும் செல்கள் பிரிவதை விட்டு, முதிர்ந்து, உதிர வேண்டியவை. நடு அடுக்கிலும் மேலடுக்கிலும் புள்ளிகள் தெரிந்தால், அடங்க வேண்டிய செல்கள் அடங்கவில்லை என்று பொருள். எண்ணிக்கையைவிட இந்த இடமாற்றமே முக்கியம் என்பது என் கருத்து. ஏனென்றால் ஆறிவரும் புண்ணிலும் செல்கள் வேகமாகவே பிரியும்.

1979இல் கண்டறியப்பட்ட பி53 இன்னும் நுட்பமானது. டிஎன்ஏ சேதமடைந்தால் செல் பிரிவதைத் தடுக்கும் காவலன் அது. இயல்பான செல் அதை உடனுக்குடன் சிதைத்துவிடுவதால் சாயத்தில் மங்கலாகவே தெரியும். அதன் மரபணு பிறழ்ந்தால், சிதையாமல் குவிந்து உட்கரு அடர்பழுப்பாகும். ஆனால் சில பிறழ்வுகளில் புரதமே உருவாகாது, நிறமும் துளிகூட இருக்காது. அடர்பழுப்பு மட்டுமே ஆபத்து என்று நினைப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார்.

வெட்டாமல் உமிழ்நீரிலேயே கண்டறிய இன்டர்லியூக்கின்-8 போன்ற புரதங்களையும் ஆராய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் அது அழற்சியைத் தூண்டும் புரதம். ஈறு வீங்கியிருந்தாலும் கூடலாம். அதனால்தான் ஒன்றை மட்டும் நம்பாமல் பல புரதங்களைச் சேர்த்து அளக்க முயல்கிறார்கள். திட்டு மறையாமல் நிற்கும் ஒருவருக்கு, இப்போதைக்கு உமிழ்நீர்ச் சோதனை பயாப்ஸிக்கு மாற்றாகாது.