பாஞ்சோ: ஜானி செயின்ட் சிர் கையில் இருந்தது எது?

பாஞ்சோ (பெயர்ச்சொல்): வட்டமான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நீண்ட கழுத்து பொருத்தி, தந்திகளை மீட்டி வாசிக்கும் கருவி. பான்ஜோ, பேஞ்சோ என்றும் எழுதுவதுண்டு.

அகராதிக்கு இவ்வளவு போதும். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் போதாது. ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவில் வாசித்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: "பாஞ்சோ: ஜானி செயின்ட் சிர்" என்று இருக்கும். அவர் வைத்திருந்ததோ பாஞ்சோவின் உடம்பில் கிடாரின் கழுத்தைச் சேர்த்த ஆறு தந்திக் கருவி. அப்படியென்றால் அது பாஞ்சோவா, கிடாரா? இதற்குப் பதில் தெரிந்தால்தான் தமிழில் அதை என்னவென்று சொல்வது என்ற கேள்விக்குப் போக முடியும்.

முதலில் கருவியைப் பார்ப்போம். வீணைக்காரர்கள் புழங்கும் சொற்களே இதற்கும் போதும். வீணையில் குடம் இருக்கிற இடத்தில் பாஞ்சோவில் ஒரு வளையம். கஞ்சிராவைப் போல அதன் ஒரு பக்கம் தோல் போர்த்தியது. கழுத்தாகிய தண்டி அந்த வளையத்திலிருந்து நீள்கிறது. தண்டியில் சுர இடங்களைக் காட்டும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகள், நுனியில் தந்தியை முறுக்கும் பிரடைகள். தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையான குதிரை நிற்பது மரப்பலகையின் மேல் இல்லை, நேராகத் தோலின் மேல். விசேஷம் முழுவதும் இங்கேதான். தந்தியின் அதிர்வு குதிரை வழியாகத் தோலுக்குப் போகிறது. தோல் அதைச் சட்டென்று வாங்கிப் பெரிதாக்கி, சட்டென்று விட்டும் விடுகிறது. அதனால்தான் 'டங்'கென்று உரக்க எழும் ஒலி நீளாமல் அடங்கிப்போகிறது. வீணையின் கார்வையை, அந்த நீண்டு ஒலிக்கும் நாதத்தை, இதில் எதிர்பார்க்க முடியாது.

தந்திகளின் எண்ணிக்கை மட்டும் வகைக்கு வகை மாறும். நாட்டுப்புற இசையில் வருவது ஐந்து தந்தி. அதில் ஒன்று குட்டையானது, கட்டைவிரலுக்கென்றே இருப்பது. 1920களின் நடனக் குழுக்களில் அதிகம் புழங்கிய டெனர் பாஞ்சோவுக்கு நான்கு தந்திகள். விரலால் அல்ல, பிக் என்னும் சிறு தகட்டால் அடித்து வாசிப்பார்கள். ஆறு தந்தி இருந்தால் கிடார் பாஞ்சோ. நான்கோ, ஐந்தோ, ஆறோ, பெயர் பாஞ்சோதான். ஆக, இந்தப் பெயரைத் தாங்கி நிற்பது தந்தி அல்ல, தோல்.

சொல் எங்கிருந்து வந்தது? கருவி ஆப்பிரிக்கர்களுடையது, அதில் சந்தேகமில்லை. அடிமைகளாகப் பிடித்துக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அங்கே கிடைத்த சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, குச்சியைச் செருகி, தந்தி கட்டினார்கள். 1687-இல் ஜமைக்காவுக்குப் போன ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட கருவிகளைக் கண்டு எழுதினார். அவர் 1707-இல் வெளியிட்ட புத்தகத்தில் படமும் இருக்கிறது. பிரெஞ்சுத் தீவுகளில் இதற்குப் பான்சா என்று பெயர். அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் 1780களில் இதைப் பாஞ்சர் என்று எழுதி, ஆப்பிரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது என்றும் குறித்துவைத்தார். சொல்லின் வேர் அங்கோலாவின் கிம்புண்டு மொழியில் உள்ள ம்பான்சா என்பது ஒரு கட்சி. பண்டோரா என்ற ஐரோப்பியத் தந்திக் கருவியின் பெயர் ஆப்பிரிக்கர் வாயில் மருவி இப்படி ஆனது என்பது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை.

கருவியின் சொந்தக்காரர்களைத் தேடினால் செனகல், காம்பியா பக்கம் வாழும் ஜோலா மக்களின் அகோன்டிங் கண்ணில் படும். சுரைக்குடுக்கை, தோல், மூன்று தந்தி. அதில் ஒன்று கட்டைவிரலுக்கான குட்டைத் தந்தி. அந்தக் குட்டைத் தந்தியை வர்ஜீனியாவின் ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீனி பிறந்தது 1810-இல். அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், தென் கரோலினாவில் தீட்டிய ஒரு நீர்வண்ண ஓவியத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் குட்டைத் தந்தியுள்ள பாஞ்சோவை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஸ்வீனியும் அவருக்குப் பின் வந்தவர்களும் செய்தது வேறு: முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் மேடைகளில் இந்தக் கருவியை ஏற்றினார்கள். கூட்டம் அள்ளியது. 1840களில் பால்டிமோரில் வில்லியம் பவுச்சர் பாஞ்சோ செய்து விற்கத் தொடங்கினார். சுரைக்குடுக்கை போய் மரவளையம் வந்தது. பாஞ்சோ என்றால் வெள்ளைக்காரர்களின் கிராமத்துக் கருவி என்ற நினைப்புக்கு அடித்தளம் போட்டது இந்தக் காலம்தான்.

சரி, செயின்ட் சிர். 1890-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அப்பா கிடாரும் புல்லாங்குழலும் வாசிப்பார். மகன் கற்றுக்கொண்டதும் கிடார்தான். பிழைப்புக்குச் சுவர் பூசும் வேலை.  குழுக்களில் பாஞ்சோ கேட்கத் தொடங்கியபோது, புதிதாக ஒரு விரலமைப்பைப் பழகுவானேன் என்று, பாஞ்சோ உடம்பில் கிடார் கழுத்தைத் தானே பொருத்திக்கொண்டார். கையாலேயே பிழைக்கிற மனிதருக்கு இது பெரிய காரியமில்லை போலிருக்கிறது. பழகிய கிடார் விரல், தோலின் சத்தம். வேண்டியது இரண்டும் கிடைத்துவிட்டது.

மிசிசிப்பி ஆற்றின் உல்லாசப் படகுகளில் ஃபேட் மேரபிள் குழுவோடு வாசித்தார். இளம் ஆம்ஸ்ட்ராங்கும் அதே குழுவில் இருந்தார். 1923-இல் சிகாகோ. 1925 நவம்பர் 12 அன்று ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஹாட் ஃபைவ் முதன்முதலாகப் பதிவுசெய்தது. ஐந்தே பேர்: கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) ஆம்ஸ்ட்ராங், டிராம்போன் கிட் ஓரி, கிளாரினெட் ஜானி டாட்ஸ், பியானோ லில் ஆம்ஸ்ட்ராங், பாஞ்சோ செயின்ட் சிர். டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. தாளத்தைத் தாங்கியவர்கள் பியானோவும் பாஞ்சோவும்தான். அன்று பதிவான 'கட் பக்கெட் புளூஸ்' பாடலில் ஆம்ஸ்ட்ராங் தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி உற்சாகப்படுத்துவார். முதலில் அழைப்பது செயின்ட் சிரைத்தான். அடுத்த ஆண்டு ஜாஸ் பியானோக் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டனின் 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்' பதிவிலும் அவருக்கென்று ஒரு தனி இடம் உண்டு. மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, பேஸை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பாஞ்சோ படபடவென்று ஓடும். தோல் எப்படிப் பேசும் என்று கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த இடத்தைத்தான்.

ஜாஸ் குழுக்கள் ஏன் பாஞ்சோவைக் கேட்டன? மைக், ஒலிபெருக்கி இல்லாத நடனக்கூடத்தில் கார்னெட்டுக்கும் டிராம்போனுக்கும் நடுவே கிடாரின் சத்தம் எடுபடாது. இசைத்தட்டுப் பதிவிலும் அதே கதை. ஒலியை வாங்கித் தட்டில் பதிக்க அந்நாளில் வைத்திருந்த பதிவுக் குழலுக்கு டிரம்ஸின் அதிர்ச்சி ஒத்துவராது, பாஞ்சோவின் கூர்மை நன்றாக ஏறும். 1925 வாக்கில் மின்சாரப் பதிவு வந்தது. கிடாரின் மெல்லிய ஒலியும் தட்டில் ஏறத் தொடங்கியது. 1930களில் குழுக்கள் பாஞ்சோவை விட்டுக் கிடாருக்கு மாறின. செயின்ட் சிர் அதற்குள் நியூ ஆர்லியன்ஸ் திரும்பி, சுவர் பூசிக்கொண்டும் இடையிடையே வாசித்துக்கொண்டும் இருந்தார். ஜாஸ் வாசிக்கிறவன் உடலுழைப்பாளியாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மார்ட்டனைப் பற்றித் தகவல் திரட்ட வந்த ஆலன் லோமாக்ஸிடம் அப்படித்தான் சொன்னார். 1950களில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தார். 1961 முதல் 1966-இல் இறக்கும்வரை டிஸ்னிலேண்டில் 'யங் மென் ஃப்ரம் நியூ ஆர்லியன்ஸ்' குழுவை நடத்தினார். தொடங்கும்போது 'இளைஞர்' தலைவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

இந்தியாவில் இன்னொரு குழப்பம். மும்பையில் விநாயகர் ஊர்வலத்துக்குப் பாஞ்சோ பார்ட்டி வருகிறது என்றால் அந்தப் பாஞ்சோ வேறு. அது புல்புல் தரங். நீளமான மரப்பெட்டி, மேலே தட்டச்சு இயந்திரம் மாதிரிப் பொத்தான்கள். ஒரு கை பொத்தானை அழுத்த, மறு கை தந்தியை மீட்டும். அதன் மூலம் 1912-இல் ஜப்பானின் நகோயாவில் உருவான தைஷோகோத்தோ. தோல் கிடையாது, ஆப்பிரிக்காவோடு உறவும் கிடையாது. தமிழில் எழுதும்போது அதைப் புல்புல் தரங் என்றே எழுதிவிடலாம்.

இனி தமிழ்ச் சொல். யாழ் என்று வைத்துவிடலாமே என்று தோன்றும். பழைய யாழின் உடம்பான பத்தல் தோல் போர்த்தியதுதான். பொருநராற்றுப்படை அந்தத் தோலைப் 'பச்சை' என்கிறது, இழுத்துக் கட்டியதை 'விசியுறு' என்கிறது. ஆனால் யாழில் நரம்புக்கு ஒரு சுரம். தண்டியில் விரல் அழுத்திச் சுரம் மாற்றும் வேலையே கிடையாது. வீணையில் அது உண்டு, தோல் இல்லை. அமைப்பில் இதற்குக் கிட்டத்தில் நிற்பது, தோல் போர்த்திய வடஇந்தியத் தந்திக் கருவியான சரோத். அதற்கே நாம் சரோத் என்றுதான் சொல்கிறோம்.

நம் பழைய பகுப்பில் தோற்கருவி ஒன்று, நரம்புக்கருவி ஒன்று. பாஞ்சோ இரண்டிலும் கால் வைக்கிறது. மீட்டப்படுவது நரம்பு என்பதால் வகை நரம்புக்கருவி. அடைமொழியாகத் தோலைச் சேர்த்தால் 'தோல்முக நரம்புக்கருவி'. இது வகைப்பெயராகச் சரிவரும். தனிப்பெயராக நான் பாஞ்சோவையே வைத்துக்கொள்வேன். எழுத்திலும் பாஞ்சோதான் தோது: மஞ்சள், பஞ்சு போல ஞகரத்தை அடுத்த சகரம் தானாகவே மெலிந்து ஒலிக்கும், கிரந்த ஜகரம் தேவையில்லை.

எழுதிக்காட்டினால் இப்படி வரும்:

ஜானி செயின்ட் சிர் ஹாட் ஃபைவ் குழுவில் ஆறு தந்திப் பாஞ்சோ வாசித்தார்.

அகோன்டிங், பாஞ்சோ, சரோத் ஆகிய மூன்றும் தோல்முக நரம்புக்கருவிகள்.

ஊர்வலத்தில் புல்புல் தரங் வாசித்தார்கள்.