'நானூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தோம்' என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறீர்கள், சரி. அப்புறம்?

சமூகத் தணிக்கைக்கு, அதாவது ஒரு நிறுவனத்தின் வேலையால் மக்களுக்கு என்ன மாறியது என்று சரிபார்க்க, நான் போனால் முதலில் என் முன்னால் வைப்பது பெரும்பாலும் ஒரு புகைப்பட ஆல்பம். நான் கேட்பது வருகைப் பதிவேடு. ஒரு தையல் பயிற்சி நிறுவனத்தில் அதைப் புரட்டினேன். ஒரு மாதக் கையெழுத்து முழுவதும் ஒரே பேனா, ஒரே சாய்வு. மோசடி என்று சொல்ல மாட்டேன். பயிற்சி நடந்தது உண்மை. மாதக் கடைசியில் யாரோ உட்கார்ந்து பதிவேட்டை 'ஒழுங்கு' செய்திருக்கிறார்கள். ஆனால் யார் பாதியில் நின்றார் என்ற தகவல் அதோடு போயிற்று. எனக்கு வேண்டியிருந்ததே அதுதான்.

நிதித் தணிக்கையாளருக்குப் பணம் போன வழி தெரிந்தால் போதும். நாங்கள் அந்தப் பணத்தால் யார் வாழ்க்கையில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். நடைமுறையில், நிறுவனமே முதலில் தன் சமூகக் கணக்கை எழுதும். பயனாளிகள், ஊழியர்கள், பொருள் கொடுப்பவர்கள், வாங்குபவர்கள் என எல்லோரிடமும் கேட்டு எழுத வேண்டும். வெளியாட்கள் அதைச் சரிபார்ப்பார்கள். பிரிட்டனில் நியாய வணிக நிறுவனமாக இருந்த டிரெய்ட்கிராஃப்ட் 1993-லேயே இப்படி ஒரு சமூகக் கணக்கை வெளியிட்டது.

சிக்கலே எண்ணிக்கையில்தான். 400 பேருக்குப் பயிற்சி என்பது நீங்கள் செய்த வேலை. அதைத் தாக்கம் என்று ஆண்டறிக்கையில் போடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சி முடித்த 100 பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 40 பேருக்குப் பயிற்சி இல்லாமலே வேலை கிடைத்திருக்கும் என்று, அதே நிலையில் இருந்த மற்றவர்களை ஒப்பிடும்போது தெரிகிறது. மீதி 60. அதில் 10 பேர் வந்ததால் ஏற்கெனவே அங்கிருந்த 10 பேருக்கு வேலை போயிற்று. மீதி 50. இந்த 50-லும் வேறொரு அமைப்பு கொடுத்த உதவித்தொகைக்குப் பங்கு உண்டு. அதையும் கழிக்க வேண்டும். அடுத்த ஆண்டு எத்தனை பேர் அந்த வேலையில் நீடிப்பார்கள் என்பது தனிக் கணக்கு. 1990-களில் அமெரிக்காவில் ஆர்இடிஎஃப் என்ற அமைப்பு உருவாக்கிய 'முதலீட்டின் சமூக வருவாய்' முறையை இன்று பயன்படுத்துவோர், இதையெல்லாம் கழித்த பிறகுதான் ஒரு ரூபாய் செலவுக்கு எத்தனை ரூபாய் பலன் என்ற விகிதத்துக்கே வருகிறார்கள். இந்தக் கழித்தலைக் காட்டாமல், 'ஒரு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் சமூகப் பலன்' என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

எண்ணில் வராதவையும் உண்டு. பயனாளிகளிடம் பேசும்போது மேலாளரை வெளியே இருக்கச் சொல்வேன். அவர் அறையில் இருக்கும்வரை எல்லோரும் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்பார்கள். ஒரு முறை கதவு மூடிய பிறகு ஒரு பெண் சொன்னார்: "சம்பளம் வருது சார். ஆனா ஏழு மணிக்கு முன்னாடி விடமாட்டாங்க. பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியா இருக்கா." வருமானம் கூடியது நிறுவனத்தின் பட்டியலில் இருந்தது. மகளின் தனிமைக்கு அதில் பத்தியே இல்லை. இரண்டையும் எழுதினேன். மேலாளர் முகம் சுளித்தார். ஆனால் எழுதியதை மாற்றச் சொல்லவில்லை.

அடுத்த குழுவைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. சேர்கிற அன்றே ஒவ்வொருவரின் இப்போதைய வருமானம், கடன், வேலை நேரம் மூன்றையும் அவர்களையே கேட்டு எழுதி, தேதி போட்டு வாங்கி வையுங்கள். ஒரு வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதிய தாளைத் தணிக்கையாளர்கள் எளிதில் ஏற்க மாட்டார்கள். பாதியில் நிற்கிறவர்களின் தொலைபேசி எண்ணையும் அழித்துவிடாதீர்கள்.