கண்மாய் வரைபடத்தில் ஊர்க்காரர் கை படட்டும்

நீர்நிலைகளைக் காட்டும் இணைய வரைபடங்களுக்கு இன்று பஞ்சமில்லை. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட உலக மேற்பரப்பு நீர் வரைபடத்தைத் திறந்தால், 1984-லிருந்து எந்த இடத்தில் எவ்வளவு காலம் தண்ணீர் நின்றது என்பதை நம்மூர்க் கண்மாய் (ஏரி) வரைக்கும் பார்க்கலாம். காசு கிடையாது. இருந்தும் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் நான் வேலை பார்க்கும் கிராமங்களில் இவற்றைத் திறந்து பார்த்தவர்கள் அரிது. பார்ப்பதற்கென்று மட்டும் செய்த படம் ஊரில் எடுபடாது. திருத்த இடம் கொடுக்கும் படத்துக்குத்தான் ஆள் கூடுகிறது.

ஊர்ச் சாவடிச் சுவரில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டதும் யாரும் கண்மாயைத் தேட மாட்டார்கள். முதலில் அவரவர் வீடு, அடுத்து கோயில், அப்புறம் வயல். அந்த நேரத்தை விட்டுக் கொடுக்க வேண்டும். வயலைக் கண்டுபிடித்தவர் தானாகவே அங்கிருந்து மடைக்கும், மடையிலிருந்து கரைக்கும் விரலை நகர்த்துவார். பேச்சு அங்கேதான் தொடங்கும். ஒரு கூட்டத்தில், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் வயதான நீர்பாய்ச்சி ஒருவர் எழுந்து, "இந்த மூலையில இடுப்பளவு தண்ணி நிக்கும் சார். படத்துல காடாத்தான தெரியுது?" என்றார்.

அவர் சொன்னது சரி. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால், அடியில் தண்ணீர் நின்றாலும் மேலிருந்து எடுத்த படத்தில் இலைதான் தெரியும். கணினி அதைத் தாவரம் என்றே எடுத்துக்கொள்ளும். இன்னொரு குறையும் உண்டு. நான் சொன்ன உலக வரைபடம் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து செய்தது. அதில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 22 சென்ட். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் இரண்டு மூன்று மீட்டர் அகல வரத்துக்கால் இதில் எங்கே தெரியப்போகிறது? கண்மாய்க்கு உயிரே அந்த வரத்துக்கால்தான். அதை அறிந்தவர்கள் நீர்பாய்ச்சியும், வரப்பு வரப்பாக நடக்கிற கிடை ஆட்டுக்காரர்களும்தான்.

அதனால் படத்தைக் கையில் கொடுத்துக் குறிக்கச் சொல்வதே முறை. பெரிய செலவில்லை. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் யூமேப் தளத்தில் ஒரு படம் தயாரிக்கலாம். சிக்னல் இல்லாத இடத்தில் கோபோ டூல்பாக்ஸ் செயலியில் இடத்தையும் புகைப்படத்தையும் பதிந்து, ஊர் திரும்பியதும் ஏற்றலாம். கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழியும் இடம்), மடை, வரத்துக்கால், மறுகால் (வழிந்த தண்ணீர் போகும் வாய்க்கால்), ஊருணி என்று தலைப்புகள் ஊர் வழக்கில் இருக்கட்டும். ஆண்கள் மடையையும் கலுங்கையும் குறித்து முடிப்பார்கள். எந்த ஊருணியில் எந்த மாதம் வரை குடிதண்ணீர் கிடைக்கும், ஆடுமாடு எந்த வழியாக இறங்கும் என்பதைப் பெண்கள்தான் சொல்வார்கள். அவர்கள் வராத கூட்டத்தில் போட்ட படம் பாதிப் படம்தான்.

கூகுள் எர்த்தில் பழைய படங்களை ஆண்டு வாரியாக நகர்த்திப் பார்க்கும் வசதியை இளைஞர்களிடம் விட்டுவிடுங்கள். எந்த ஆண்டில் வாய்க்காலுக்குக் குறுக்கே சாலை வந்தது, கண்மாய் உள்வாய் (தண்ணீர் நிற்கும் பரப்பு) எப்போது சுருங்கியது என்று அவர்களே தேடி எடுப்பார்கள். மேலூர்க்காரரையும் கீழூர்க்காரரையும் ஒரே படத்துக்கு முன் உட்கார வைப்பது இன்னும் முக்கியம். மேல் கண்மாயின் மறுகால் கீழ்க் கண்மாயின் வரத்து. நடுவில் ஒரு சிறுபாலம் அடைத்துக் கிடந்தால் நட்டம் யாருக்கு என்பது படத்தில் பளிச்சென்று தெரியும். சண்டை வரலாம், வரட்டும். பேசாமலே கிடந்த விஷயம் அது.

மக்கள் குறிக்கிற வரைபடம் நம்பத்தக்கதா என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. 2015 வெள்ளத்தில் சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்பதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறித்துக்கொண்டே இருந்தவர்கள் பொதுமக்கள்தான். தேதியும் புகைப்படமும் சேர்ந்த பதிவு என்றால் எவரும் நேரில் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகள் அவசியம். ஆக்கிரமிப்பைக் குறிக்கும்போது ஆள் பெயர் கூடாது, சர்வே எண் போதும். நம் வரைபடம் எல்லைக்குச் சான்று ஆகாது. அதற்கு வருவாய்த் துறையின் புலப்படமும் (நில அளவைப் படம்) 'அ' பதிவேடும் (நில விவரப் பதிவேடு) இருக்கின்றன, அளந்து சொல்ல வேண்டியவர் சர்வேயர். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி நடவடிக்கை எடுப்பதும் அரசுதான். மனுவோடு இணைக்க நம் படம் உதவும். அலங்கு (எறும்புத்தின்னி) நடமாடும் இடத்தையும், அரிய பறவை கூடு கட்டும் மரத்தையும் பொதுப் படத்தில் போடவே கூடாது. வேட்டைக்காரனும் அதே படத்தைத்தான் திறப்பான்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. அதற்குள் படத்தை முடித்து, பெரிய தாளில் அச்செடுத்துச் சபையில் ஒட்டுங்கள். போன் இல்லாதவர்கள் பேனாவால் திருத்தட்டும். அடைபட்ட வரத்துக்கால்களை இடத்தோடு சேர்த்துத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். கோடையில் கண்மாய் காய்ந்து கிடக்கும்போது தூர்வாரினால்தான், ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளே வரும்.