இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு?

முதல் பிறந்தநாள் வரைக்கும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்ட பிள்ளை, பதினைந்தாம் மாதத்தில் நாலு வாய்க்கு மேல் தொடமாட்டேன் என்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழர் வாழும் சாட்ஸ்வொர்த்தானாலும் பீனிக்ஸானாலும் வீட்டில் அப்போது கிளம்பும் பேச்சு ஒன்றுதான்: "பிள்ளை ஒண்ணுமே சாப்பிடுறதில்லை." பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை; அதன் தேவைதான் மாறியிருக்கிறது.

மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஓராண்டில் ஒன்பது கிலோவைத் தாண்டும். அடுத்த ஓராண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோதான். பிறந்த முதல் மாதத்தில் குடிக்கும் பாலின் சக்தியில் ஏறக்குறைய 40 விழுக்காடு வளர்ச்சிக்கே போகிறது. ஒரு வயதாகும்போது அந்தச் செலவு 3 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பசி குறையத்தான் வேண்டும். முதல் மாதத்தில் கிலோவுக்கு 110 கலோரி அளவில் இருந்த தேவை, ஒன்று முதல் மூன்று வயது வரை சுமார் 80 ஆக நிற்கிறது.

கணக்கு இதிலிருந்து எளிது. பிள்ளையின் எடையை 80 ஆல் பெருக்குங்கள். 12 கிலோ என்றால் 960 கலோரி. தென்னாப்பிரிக்காவில் பாக்கெட்டுகளில் கிலோஜூல் கணக்குதான் அச்சிட்டிருக்கும், அதை 4.2 ஆல் வகுத்தால் கலோரி வரும். 960 கலோரி என்பது ஏறத்தாழ 4,000 கிலோஜூல். தாய்ப்பால் இன்னும் குடிக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சாப்பாட்டிலிருந்து 550 கலோரி போதும். மீதியைப் பால் தந்துவிடும்.

இந்த 960-ஐ மூன்றே வேளையில் உள்ளே தள்ள முடியாது. சின்ன வயிற்றில் ஒரு நேரத்துக்குக் கொள்வது, எடையில் கிலோவுக்கு 30 கிராம் அளவுதான். 12 கிலோ பிள்ளைக்கு 360 கிராம், தண்ணீரையும் சேர்த்து. அதனால்தான் மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் இரண்டு, மூன்று சிறு தீனியும் வேண்டும். நீர்த்த கஞ்சி ஏமாற்றுவதும் இந்த இடத்தில்தான். ஒரு கிராமுக்கு அரைக் கலோரி தரும் தண்ணிக் கஞ்சியில் 300 கிராம் குடித்தாலும் 150 கலோரிதான் சேரும், வயிறோ நிரம்பிவிடும். கரண்டியிலிருந்து ஒழுகாமல் மெதுவாகச் சரிந்து விழும் பதத்தில் காய்ச்சினால் அதே கிண்ணத்தில் இரட்டிப்புச் சக்தி. ரசச் சோற்றுக்கும் நெய் விட்ட பருப்புச் சோற்றுக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான்.

டர்பன் சமையலறையில் ஒரு நாளை அளந்து பார்ப்போம். காலையில் முக்கால் கப் மீலி மீல் (சோள மாவு) கஞ்சி, அதில் 100 மில்லி பால், ஒரு தேக்கரண்டி பீநட் பட்டர்: சுமார் 200 கலோரி. பத்து மணிக்கு அரை வாழைப்பழம், 100 மில்லி அமாசித் தயிர்: 110. மதியம் அரை கப் சோறு, நான்கு மேசைக்கரண்டி சுகர் பீன்ஸ் கறி, ஒரு தேக்கரண்டி நெய், பாதி முட்டை: 265. மூன்று மணிக்கு அரைத் துண்டு பிரவுன் பிரெட், மேலே இரண்டு மேசைக்கரண்டி அவகாடோ: 95. இரவுக்குக் கொஞ்சம் பாப் (சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி), முள்ளோடு நசுக்கிய டின் பில்சர்ட் மீன் 30 கிராம், மசித்த பூசணி, ஒரு தேக்கரண்டி எண்ணெய்: 180. படுக்கும் முன் 150 மில்லி பால்: 95. கூட்டினால் 945. ஆயாவும் தாத்தாவும் இந்தத் தட்டுகளைப் பார்த்தால் "இவ்வளவுதானா" என்பார்கள். இவ்வளவுதான். புதிதாக ஒன்றைத் தரும்போது ஒவ்வொரு வயதுக்கும் ஒரு மேசைக்கரண்டி என்று தொடங்குங்கள்; கேட்டால் மறுபடி போடலாம்.

எல்லோரும் புரதத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஒரு நாளைக்கு வேண்டியது 13 கிராம்தான். மேலே சொன்ன 350 மில்லி பாலும் அமாசியுமே 11 கிராம் தந்துவிடுகின்றன. உண்மையில் குறைந்துபோவது இரும்புச்சத்து. தேவை நாளுக்கு 7 மில்லிகிராம். ஒரு லிட்டர் பசும்பாலில் அரை மில்லிகிராமுக்கு மேல் தேறாது. சாப்பிட மறுக்கிறதே என்று பாட்டில் பாட்டிலாகப் பால் கொடுக்கும்போது கோளாறு ஆரம்பிக்கிறது. ஒரு லிட்டர் பால் 600 கலோரிக்கு மேல். நாளின் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு பாட்டிலிலேயே முடிந்துவிடும். பாலிலுள்ள கால்சியம், உண்ணும் கொஞ்ச இரும்பும் உடலில் சேர்வதைத் தடுக்கும். இரத்தம் குறையக் குறையப் பசியும் மந்தமாகும், மறுபடி பால்தான் கேட்கும். அரை லிட்டரை எல்லையாக வையுங்கள். பாட்டிலை நிறுத்தி டம்ளருக்கு மாற்றினாலே அளவு தானாக இறங்கும்.

இன்னொன்றையும் இங்குள்ள தமிழ் வீடுகள் கவனிக்க வேண்டும். மீலி மீலிலும் பிரெட் மாவிலும் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ சேர்ப்பது 2003 அக்டோபரிலிருந்து சட்டப்படி கட்டாயம். அரிசிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூன்று வேளையும் சோறே ஊட்டினால் அந்தச் சத்து பிள்ளைக்குக் கிடைக்காது. பருப்பு, பீன்ஸ், மீன், கோழி ஈரல் என்று வேறு வழியில் ஈடுகட்டியாக வேண்டும். பீன்ஸோடு நாலு துண்டு கொய்யாவோ ஆரஞ்சுச் சுளையோ கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். சாப்பாட்டோடு டீ வேண்டாம்.

அளவு தெரிந்துவிட்டது என்பதற்காக ஒவ்வொரு வேளையும் அளந்து ஊட்டக் கூடாது. அமெரிக்க ஆய்வாளர் லீஆன் பர்ச் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு முதல் ஐந்து வயதுள்ள 15 குழந்தைகள் ஆறு நாட்களில் உண்ட ஒவ்வொரு வேளையும் அளக்கப்பட்டது. வேளைக்கு வேளை சராசரியாக 34 விழுக்காடு ஏற்ற இறக்கம் இருந்தது. நாள் மொத்தத்தில் 10 விழுக்காடுதான். மதியம் விட்டதை மாலையில் அவர்களே பிடித்துக்கொண்டார்கள். இரைப்பை விரிவதை உணரும் நரம்புகளும் குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் மூளைக்குச் சொல்லும் சேதியே அந்தக் கணக்கு. ஃபோனைக் காட்டி வாயைத் திறக்க வைத்தால் அந்தச் சேதி கவனிக்கப்படாமல் போகிறது. முதலில் மெல்லும் வேகம் குறையும், சோற்றை விரலால் அளையும், கரண்டி வரும்போது உதட்டை இறுக்கும், பிறகுதான் முகத்தைத் திருப்பும். உதடு இறுகும்போதே நிறுத்துங்கள். என்ன உணவு, எந்த நேரம் என்பது பெரியவர் முடிவு. எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. சாப்பாட்டுக்கு நடுவே ஜூஸும் சிப்ஸும் கொடுத்துவிட்டு இந்த விதியை எதிர்பார்க்க முடியாது.

போதுமா என்பதற்கு விடை தட்டில் இல்லை, பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்துவைக்கக் கிளினிக்கில் தரும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் இருக்கிறது. 2016-இல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 27 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 13 விழுக்காட்டினர் அதிக எடை. ஒல்லியா குண்டா என்று கண்ணால் மதிப்பிட்டால் இரண்டுமே தப்பிவிடும். நாப்பியைக் கழற்றி, முடிந்தால் அதே தராசில் எடை போடச் சொல்லுங்கள். இரண்டாவது வயதில் மாதம் சுமார் 200 கிராம் கூடும். பிள்ளையின் கோடு அச்சிட்ட வளைவுகளுக்கு இணையாக ஏறினால், கோடு கீழ்ப்பக்கம் இருந்தாலும் பெரும்பாலும் சரிதான். கோடு ஏறாமல் படுத்துவிட்டாலோ, ஒரு வளைவை வெட்டி இறங்கினாலோ கேளுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கில் இறங்கியது மீள, குணமான பின் ஒரு வாரமாவது தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

மேல்கையின் நடுவே சுற்றும் அளவு நாடாவில் 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மறுநாள் வரை பொறுக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். 11.5-க்குக் கீழே என்றால் அது கடும் ஊட்டக்குறைவு. அதற்கு வீட்டுச் சாப்பாடு மட்டும் போதாது, சிகிச்சை வேண்டும்.